சித்திரையில் சுண்டுவதும் சாரலில் ஓடுவதும்

கேள்வி: என் தம்பி பாளையங்கோட்டையில் கொத்தனார் வேலை பார்க்கிறான். சித்திரை வெயிலில் மூணு லிட்டர் தண்ணீர் குடித்தாலும் பகல் முழுக்க ஒருமுறைதான் சிறுநீர் போகிறது, அதுவும் நல்ல மஞ்சளாக. ஆனால் சாரல் நேரத்தில் குற்றாலம் போனால் அதிகம் குடிக்காமலேயே அடிக்கடி ஓடுகிறான். சிறுநீரகக் கோளாறா?
– வாசகி, கடையம்

பதில்: நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் சிறுநீரகம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றே தோன்றுகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தையெல்லாம் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. எவ்வளவு விடுவது என்பது மூளையில் உள்ள ஹைப்போதலாமஸின் கையில் இருக்கிறது. ரத்தத்தில் உப்பின் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே அதற்குத் தெரிந்துவிடும், உடனே வாசோபிரெசின் என்ற ஹார்மோன் போய்த் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும், தாகமும் எடுக்கும்.

சாரத்தில் நின்று பூசுகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வேர்வைகூடப் போகலாம். அந்த வேர்வை ஆவியானால்தான் உடம்பு 37 டிகிரியை ஒட்டி நிற்கும், சொட்டிக் கீழே விழுந்தால் பயன் இல்லை (திருச்செந்தூர்க் கடற்கரையின் ஈரக்காற்றில் வேர்வை எளிதில் ஆவியாகாது, அங்கே கசகசப்பது அதனால்தான்). அப்படிப் பார்த்தால் தம்பிக்கு மூணு லிட்டர் போதவில்லை, மஞ்சள் நிறம் அதைத்தான் சொல்கிறது.

குற்றாலத்தில் கதை நேர் எதிர். அருவித் தண்ணீரின் குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தம் நெஞ்சுப் பக்கம் கூடும். உடம்பில் நீர் அதிகமாகிவிட்டதாக இதயம் எடுத்துக்கொள்ள, அந்த ஹார்மோன் குறைந்து சிறுநீர் பெருகும்.

தாகம் எடுக்கட்டும், ஒண்ணுக்குப் போக இடமில்லை என்று கட்டட வேலைக்காரர்கள், முக்கியமாகப் பெண்கள், தண்ணீரைத் தள்ளிப்போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. சிறுநீரகக் கல் அப்படித்தான் சேர்கிறது. தம்பியை அரை மணிக்கு ஒரு தம்ளராவது குடிக்கச் சொல்லுங்கள். வேர்வையோடு உப்பும் போவதால் காலையில் உப்புப் போட்ட நீராகாரம், நடுவில் மோர் நல்லது. ரத்த அழுத்தம் இருந்தால் உப்பின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

சிறுநீரில் ரத்தமோ, விலாவில் வலியோ, கால் வீக்கமோ இருந்தால் பரிசோதனை அவசியம். வெயிலில் பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் நிழலுக்குத் தூக்கி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.