'யுவென்வாங்': ஒரு சீனச் சொல்லும் சில கேள்விகளும்

கேள்வி: பாடத்தில் வந்த 'யுவென்வாங்' என்ற சொல்லுக்கு அகராதியில் 'அநீதி' என்று போட்டிருக்கிறது. வாக்கியத்தில் பொருந்தவில்லையே?

பதில்: பொருந்தாதுதான். செய்யாத தப்பை ஒருவர் தலையில் கட்டுவதுதான் யுவென்வாங். நம் 'அபாண்டம்', 'வீண்பழி' இரண்டும் கிட்டத்தில் வரும். 'பியே யுவென்வாங் வோ' என்றால் 'என்மேல் வீண்பழி போடாதே'. அங்கே அது வினைச்சொல். அதனால்தான் 'அநீதி' ஒட்டவில்லை.

கேள்வி: எழுத்து மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: 'யுவென்' என்ற முதல் எழுத்தைப் பிரித்துப் பாருங்கள். மேலே ஒரு மூடி, அதன் கீழே ஒரு முயல். ஓட வழியில்லாமல் உடம்பை மடக்கிக் கிடக்கும் முயல் என்று சுமார் 1900 ஆண்டுகளுக்கு முந்தைய 'ஷுவோவென்' அகராதியே விளக்குகிறது. சொல்லியும் யாரும் நம்பாதவரின் நிலைமை அப்படியே அதில் இருக்கிறது. அப்புறம், முயலின் அந்தச் சின்னப் புள்ளியை விட்டுவிடாதீர்கள், விட்டால் அது முயலே இல்லை.

கேள்வி: 'வெய்சூ' என்பதும் இதுதானா?

பதில்: இல்லை. தம்பி உடைத்த கோப்பைக்கு அம்மா உங்களைத் திட்டினால் அது யுவென்வாங். மூலையில் நின்று தொண்டை அடைக்க நீங்கள் விழுங்குவது வெய்சூ.

கேள்வி: 'நான் தோ அ-வைவிட யுவென்' என்று என் சீனத் தோழி சொன்னாள். யார் அந்தத் தோ அ?

பதில்: 13ஆம் நூற்றாண்டில் குவான் ஹான்சிங் எழுதிய நாடகத்தின் நாயகி. இளம் விதவை. செய்யாத கொலையை அவள்மேல் சுமத்துகிறார்கள். அடி உதையை அவள் தாங்கிக்கொள்கிறாள். வயதான மாமியாரை அடிக்கப் போகிறார்கள் என்றதும் பழியை ஏற்றுக்கொள்கிறாள். நான் குற்றமற்றவள் என்றால் இந்த ஆறாம் மாதக் கடும் வெயிலில் பனி பொழியட்டும் என்று வெட்டுப்படும் முன் சொல்கிறாள். பொழிகிறது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனத்துப் போகும். சீனர்கள் இன்றும் சின்னச் சின்ன மனக்குறைக்குக்கூட அவள் பெயரைச் சொல்கிறார்கள்.

கேள்வி: அலுவலகத்தில் 'வாணலி' என்று ஏதோ பேசிக்கொள்கிறார்களே?

பதில்: 'பெய் ஹெய்குவோ', அதாவது கறுப்பு வாணலியை முதுகில் சுமப்பது. அடுத்தவர் தப்புக்கு நாம் பழி ஏற்பது. அதைப் பிறர்மேல் வீசினால் 'ஷுவாய் குவோ'. மேலதிகாரியிடம் பேசும்போது இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: 'யுவென்வாங் லு' என்றால் பழியின் பாதையா?

பதில்: அவ்வளவு கனமில்லை. வழி தெரியாமல் வீணாகச் சுற்றி நடந்த தூரம், அவ்வளவுதான்.