சேறு யார் ஊருக்கு?

கேள்வி: அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றைத் தூர்வார முயன்றபோது கரையோர மக்களே எதிர்த்தார்களாமே! ஆறு சுத்தமாவது கசக்குமா?

பதில்: சுத்தம் கசக்கவில்லை, அள்ளிய சேற்றைத் தங்கள் ஊரில் புதைப்பதுதான் கசந்தது. ஃபோர்ட் எட்வர்ட், ஹட்சன் ஃபால்ஸ் ஊர்களில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக்கின் கெபாசிட்டர் (மின்தேக்கி) ஆலைகள் 1947 முதல் 1977 வரை பி.சி.பி. என்ற நச்சு ரசாயனத்தை ஆற்றில் விட்டன. அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது; வண்டலில் ஒட்டிக்கொண்டு புழு, மீன், மனிதர் என்று ஏறும். 1976-ல் மேல் ஹட்சனில், அதாவது ஆற்றின் மேல்பகுதியில், மீன்பிடிக்கவே தடை.

சரி, சேற்றை அள்ளி அருகிலேயே புதைக்கலாம் என்று அரசு யோசித்தது. விவசாயிகள் விடுவார்களா? ஆறு கெட்டது போதாதென்று எங்கள் நிலமும் கெட வேண்டுமா என்று கொதித்தார்கள். அது நியாயம். ஆனால் 'கிளறாதீர்கள், புது வண்டல் தானே மூடிவிடும்' என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். (நிறுவனமும் விளம்பரம் போட்டுத் தூர்வாருவதை எதிர்த்தது. செலவு யாருடையது, பாருங்கள்!) வண்டல் அப்படியே கிடக்குமா என்ன? 1973-ல் ஃபோர்ட் எட்வர்ட் அணையை அகற்றியதும், அதன் பின்னால் தேங்கியிருந்த நச்சு வண்டல் கீழே அடித்துக்கொண்டு போனதே!

கடைசியில் 2009-லிருந்து 2015 வரை நிறுவனமே தூர்வாரியது. சேற்றை ஃபோர்ட் எட்வர்டில் பிழிந்து, ரயிலில் வெளிமாநிலக் கிடங்குகளுக்கு அனுப்பினார்கள். முதலில் போனது டெக்சாஸுக்கு. மேல் ஹட்சன் மீனைச் சாப்பிடக் கூடாது என்ற அறிவுரை மட்டும் இன்னும் விலகவில்லை.