வீல் மாத்தவா, கம்பி மாத்தவா?

சைக்கிளில் மீன் விற்கிறேன். பின் வீலில் அடிக்கடி போக்ஸ் கம்பி அறுகிறது. புது வீலே வாங்கிவிடலாமா? (மண்டபம்)

அண்ணே, பெட்டியில் ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் நேராகப் பின் வீலில்தான் விழுகிறது. பாரமும் அதே வீலில். அடிக்கடி அறுகிறதென்றால் மீதிக் கம்பிகளும் ஓய்ந்துவிட்டன. ஒவ்வொன்றாக மாற்றினால் கடைக்காரருக்குத்தான் லாபம். டயர், டியூபைக் கழற்றி, உள்ளே ரப்பர் பட்டையையும் உருவிப் பாருங்கள். நிப்பிள் (கம்பியை ரிம்மில் முடுக்கும் சின்ன நட்) ஓட்டைகளைச் சுற்றி வெடிப்போ, நகத்தால் கீறினால் பொருக்கு பொருக்காக உதிரும் துருவோ இல்லையென்றால் ரிம்மை மாற்றவே வேண்டாம். கம்பி, நிப்பிள் முழு செட்டும் புதிதாகக் கோத்தால் போதும். பழைய பெரிய சைக்கிளின் பின் வீலுக்கு 40 கம்பி, எண்ணி வாங்குங்கள். ஓட்டை அரித்திருந்தால் ரிம் போச்சு. அப்போதும் வீல் நடுவில் இருக்கும் ஹப்பை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அச்சைச் சுற்றினால் நறநறக்கிறதா? உள்ளே இருக்கும் கோனும் பால்ஸும் (இரும்புக் குண்டுகள்) மாற்றிப் பாருங்கள், சின்னச் செலவுதான். பெட்டிக்கு அடியில் ஒரு டியூப் சொருகி, தண்ணீரை வீலில் படாமல் ஓரமாக இறக்கிவிடுங்கள்.

மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள். பள்ளத்தில் விட்டு முன் வீல் கோணிவிட்டது. புது வீல்தான் என்கிறார் கடைக்காரர். (தங்கச்சிமடம்)

வேறு கடைக்குப் போங்கம்மா. சுற்றும்போது இடமும் வலமுமாக ஆடினால் கோட்டம் எடுத்துவிடலாம். ரிம் விளிம்பே நசுங்கி, மேலும் கீழுமாகத் தூக்கிப் போட்டால் மட்டும் ரிம் மாற்றுங்கள்.

ஆன்லைனில் 26 இஞ்ச் வீல் வாங்கினேன். என் 26 இஞ்ச் டயர் ஏறவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (கீழக்கரை)

இல்லை, நீங்கள் படிக்கவில்லை. டயர் ஓரத்தில் 559 என்றோ 590 என்றோ ஒரு எண் இருக்கும். இரண்டுக்கும் பெயர் 26தான், ஒன்றுக்கொன்று சேராது. திருப்பி அனுப்புங்கள், இந்த முறையாவது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

புது வீல் வாங்கிப் பத்தே நாளில் ரிம் ஜாயின்ட் விட்டுவிட்டது. ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள். (தொண்டி)

இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அச்சடித்துவிட்டால் சட்டமாகிவிடுமா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். எனக்கு ஒருவர் ‘துருவே பிடிக்காது’ என்று சத்தியம் பண்ணிக் கம்பி விற்றார்; ஒரு ஐப்பசி மழையில் செம்மண் நிறமாகிவிட்டது. பில் கேட்டபோது, “நம்ம கடைதானே சார்” என்றவர், திரும்பப் போனபோது யாரென்று கேட்டார். உங்கள் கையில் பில் இருக்கிறது. வீலைப் படம் எடுத்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போகலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது.

கடற்கரையில் ஓட்டிவிட்டு வந்து வீல் முழுக்க எண்ணெய் பூசலாமா? (தேவிபட்டினம்)

நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு நிப்பிளுக்கு ஒரு சொட்டு. ரிம்மில் பூசினால் பிரேக் பிடிக்காது.