கேள்வி நேரம்: தேநீர் வாரியமும் தற்காலிக வரியும்

கே: அமெரிக்கப் பழமைவாதிகளை நீங்கள் விடாமல் ஆதரித்து எழுதுகிறீர்கள். அந்நாட்டு அதிபர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் ரொனால்ட் ரேகன்தானே?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்

ப: ரேகன் அல்ல, கால்வின் கூலிட்ஜ். 1923 ஆகஸ்டில் அதிபர் ஹார்டிங் திடீரென்று இறந்தபோது, துணை அதிபராக இருந்த கூலிட்ஜ், வெர்மான்ட் மாநிலத்தின் பிளிமத் நாட்ச் என்னும் சிற்றூரில், மின்சாரமோ தொலைபேசியோ இல்லாத தம் தந்தையின் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். செய்தி வந்து சேர்ந்ததும், அதிகாலை 2.47 மணிக்கு, மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், நோட்டரி பப்ளிக்காக இருந்த தந்தையே மகனுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். நாட்டின் தலைமையை ஏற்ற கையோடு கூலிட்ஜ் செய்த காரியம், மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டதுதான். அவர் ஆட்சியில் உச்ச வருமான வரி 25 சதவீதமாகக் குறைந்தது; ஆண்டுதோறும் பட்ஜெட்டில் உபரி இருந்தது; கடனும் குறைந்தது. 1927இல், '1928 தேர்தலில் நிற்க நான் விரும்பவில்லை' என்னும் ஒரே வரியைத் தட்டச்சு செய்த துண்டுச் சீட்டுகளை நிருபர்களிடம் கொடுத்துவிட்டு, விளக்கம் ஏதும் சொல்லாமல் போய்விட்டார். அவர் பதவி விலகிய ஏழெட்டு மாதங்களில் பங்குச் சந்தை சரிந்ததே என்று இடதுசாரி நண்பர்கள் உடனே கடிதம் எழுதுவார்கள், எழுதட்டும். கேட்காமலே நாற்காலியை விட்டு எழுந்த ஓர் அரசியல்வாதியைக் காட்டிவிட்டு எழுதினால் இன்னும் மகிழ்ச்சி அடைவேன்.

கே: அரசாங்க அலுவலகம் ஒன்றைத் தொடங்கிவிட்டால் பிறகு அதை மூடவே முடியாது என்று அடிக்கடி சொல்கிறீர்கள். இது மிகைப்படுத்தல் இல்லையா?
– தேயிலை வணிகர், குன்னூர்

ப: தங்கள் தொழிலிலிருந்தே சாட்சி சொல்கிறேன். கலப்படத் தேயிலை உள்ளே வரக்கூடாது என்பதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் 1897இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி ஏழு பேர் கொண்ட தேநீர் நிபுணர் வாரியம் அமைந்தது. வாரியத்தார் ஆண்டுதோறும் கூடி, பல நாட்டுத் தேயிலைகளைக் கொதிநீரில் ஊறவைத்து, கரண்டியால் உறிஞ்சி, நாவில் உருட்டித் துப்பி, அந்த ஆண்டுக்கான மாதிரிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். துறைமுகத்தில் வந்திறங்கும் தேயிலை அந்த மாதிரியை விடத் தாழ்ந்திருந்தால் அரசாங்கச் சுவைஞர் அதைத் திருப்பி அனுப்புவார். ஒன்பது ஆண்டு கழித்து, 1906இல், எல்லா உணவுப் பொருளுக்கும் பொதுவான கலப்படத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. அத்துடன் தேநீர் வாரியத்துக்கு வேலை முடிந்தது என்று நீங்களும் நானும் நினைப்போம். வாஷிங்டன் அப்படி நினைக்கவில்லை. 1970இல் நிக்சன் அதை மூட முயன்று தோற்றார். அரசாங்க அலுவலகமே பூமியில் நாம் காணக்கூடிய நித்திய வாழ்வுக்கு மிக அருகில் இருப்பது என்று 1964இல் முழங்கிய ரேகன், எட்டு ஆண்டுகள் அதிபராக இருந்துவிட்டுப் போனார். வாரியம் தேநீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கடைசியில் கிளிண்டன் காலத்தில், 1996இல்தான் அது கலைக்கப்பட்டது. தொண்ணூற்றொன்பது ஆண்டுகள்! இத்தனைக்கும் அமெரிக்கர்கள் விரும்பிக் குடிப்பது காபி. காபிக்கு அப்படி ஒரு வாரியம் இருந்ததே இல்லை. அதனால் யாரும் காபி குடித்துச் செத்ததாகவும் தெரியவில்லை.

கே: வரியாவது, தேவை தீர்ந்தால் போய்விடும் அல்லவா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ப: ஸ்பெயினுடன் 1898இல் நடந்த போருக்குப் பணம் தேவைப்பட்டதால் தொலைபேசி மீது வரி போட்டார்கள். அன்று தொலைபேசி பணக்காரர் வீட்டுப் பொருள். போர் சில மாதங்களில் முடிந்தது. வரி இடையில் போனது, மறுபடி வந்தது, வேறு வேறு போர்களுக்காகப் புதுப்பிக்கப்பட்டது; வெளியூர் அழைப்புகள் மீதான பகுதியை வசூலிப்பதில்லை என்று அரசு அறிவித்தது 2006இல். உள்ளூர் இணைப்பு மீதான 3 சதவீதம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. தற்காலிகமான அரசுத் திட்டத்தைப் போல நிரந்தரமானது வேறில்லை என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் சொன்னது இதற்குப் பொருந்தும்.

கே: குடியரசுக் கட்சி சிக்கனம் பேசுகிறது, ஆனால் அக்கட்சியின் ஆட்சியிலும் அமெரிக்காவின் கடன் ஏறிக்கொண்டேதான் போகிறது. உங்கள் கட்சிக்காரர்களை ஏன் கண்டிக்க மாட்டேன் என்கிறீர்கள்?
– வங்கி ஊழியர், ஈரோடு

ப: அவர்கள் என் கட்சிக்காரர்கள் அல்ல, எனக்கு அங்கே ஓட்டும் இல்லை. ஆனால் கேள்வி நியாயமானது. நியூயார்க்கில் ஒரு கட்டட அதிபர் 1989இல், நாட்டுக் கடன் ஏறத்தாழ 3 லட்சம் கோடி டாலரைத் தொடவிருந்த நேரத்தில், அந்தத் தொகையை நொடிக்கு நொடி காட்டும் பலகை ஒன்றை நடுத்தெருவில் மாட்டினார். ஒவ்வொரு குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்பதும் அதன் கீழே ஓடும். 2000இல் பட்ஜெட்டில் உபரி வந்து கடன் இறங்கத் தொடங்கியபோது, பின்னோக்கி ஓடுவதற்கென்று செய்யப்படாத அந்தப் பலகையை நிறுத்தித் திரை போட்டு மூடினார்கள். இரண்டே ஆண்டில் திரையை எடுக்க வேண்டியதாயிற்று. 2008இல் கடன் 10 லட்சம் கோடியைத் தாண்டியதும் பலகையில் இலக்கத்துக்கே இடம் போதவில்லை. டாலர் குறி இருந்த கட்டத்தைக் காலி செய்து, அங்கே '1' போட்டுச் சமாளித்தார்கள். 2025 அக்டோபரில் கடன் 38 லட்சம் கோடி.

இந்தக் கணக்கில் ரேகனுக்கும் பங்கு உண்டு, இளைய புஷ்ஷுக்கும் உண்டு, டிரம்ப்புக்கும் உண்டு. நான் மேற்கோள் காட்டி மகிழும் ரேகன் காலத்தில்தான் கடன் இரண்டரை மடங்குக்கும் மேல் பெருகியது. வரியைக் குறைப்பதில் பழமைவாதிகளுக்கு இருக்கும் உற்சாகம் செலவைக் குறைப்பதில் இருப்பதில்லை. ஏனெனில் முதலாவதற்குக் கைதட்டல் கிடைக்கும், இரண்டாவதற்குத் தேர்தல் தோல்வி கிடைக்கும். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். குடியரசுக் கட்சியின் சின்னம் யானை. அசையாமல் தின்னும் வேலையைக் கழுதைச் சின்னத்தாரான ஜனநாயகக் கட்சியினர் பார்த்துக்கொள்கிறார்கள்.

கே: வலதுசாரிக் கட்சிக்குச் சிவப்பு நிறம் எப்படி வந்தது?
– வாசகர், மதுரை

ப: தொலைக்காட்சியின் கைங்கரியம். தேர்தல் வரைபடத்தில் எந்தக் கட்சிக்கு எந்த வண்ணம் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதமாக இருந்தது. 2000இல் ஃபுளோரிடாவின் 537 ஓட்டு வித்தியாசத்துக்காக நாடே வாரக்கணக்கில் வரைபடத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததில், அப்போது பூசிய வண்ணம் அப்படியே ஒட்டிக்கொண்டது. இதுவும் தற்காலிகமாகத் தொடங்கியதுதான்.

கே: 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது எங்கள் ஊரில் தையல் இயந்திரங்கள் நின்றன. இதையும் பழமைவாதம் என்று நியாயப்படுத்துவீர்களா?
– பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்

ப: மாட்டேன். இறக்குமதி வரியைத் துறைமுகத்தில் கட்டுகிறவர் அமெரிக்க இறக்குமதியாளர். அவர் அதில் ஒரு பகுதியை உங்கள் விலையில் குறைத்துக் கேட்பார், மீதியைத் தம் ஊர் வாடிக்கையாளர் தலையில் கட்டுவார். உள்நாட்டில் வரியைக் குறை என்று மேடையில் முழங்கிவிட்டு, பனியன் வழியாக அதே குடிமகனிடம் வரி வாங்குவதை நான் படித்த பழமைவாதம் ஏற்காது.

இத்தகைய வரியின் ஆயுள் எப்படிப்பட்டது என்பதற்குக் கோழிக் கதை ஒன்று உண்டு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழி மலிவாக ஐரோப்பாவில் குவிந்தது. மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் அடங்கிய பொதுச் சந்தை நாடுகள் அதன் மீது வரியை ஏற்றின. பதிலுக்கு, 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின் என்னும் பசைப்பொருள், பிராந்தி, சிறு சரக்கு வண்டி ஆகியவற்றின் மீது 25 சதவீத வரி போட்டார். கோழித் தகராறை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மற்ற பொருள்களின் வரியும் காலப்போக்கில் போனது. சரக்கு வண்டி வரி மட்டும் இன்றுவரை நிற்கிறது. பயணிகள் காருக்கு நீண்ட காலம் இருந்த வரி 2.5 சதவீதம்தான். ஆகவே ஃபோர்டு நிறுவனம் துருக்கியில் செய்த தன் சரக்கு வண்டிகளுக்குப் பின்னிருக்கைகள் பொருத்தி, பயணிகள் வண்டி என்று சொல்லிக் கப்பலில் ஏற்றியது. பால்டிமோர் துறைமுகத்தில் சுங்கம் முடிந்ததும் அந்தப் புத்தம்புது இருக்கைகளைக் கழற்றிவிட்டது. வழக்கு நீண்டு, 2024இல் 36.5 கோடி டாலர் கொடுத்து ஃபோர்டு சமரசம் செய்துகொண்டது. உட்காராத இருக்கையைத் தைப்பதற்கு ஒருவர், கழற்றுவதற்கு ஒருவர் என்று வேலைவாய்ப்பு பெருகியதாகப் பாதுகாப்பு வரியின் ஆதரவாளர்கள் வேண்டுமானால் கணக்குக் காட்டலாம்.

கே: பொதுப்பணி ஒப்பந்தங்களில் நடக்கும் கூத்து அமெரிக்காவில் இருக்காதல்லவா?
– கட்டடப் பொறியாளர், திருச்சி

ப: சான் பிரான்சிஸ்கோவில் நோ வேலி என்னும் பகுதியின் சிறு சதுக்கத்தில், 150 சதுர அடியில், ஒரே ஒருவர் பயன்படுத்தக்கூடிய கழிப்பறைக்கு 2022இல் 17 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் இணைப்பும் அங்கே ஏற்கெனவே இருந்தன. இதைக் கொண்டாட விழாவே ஏற்பாடாகி, தொகை வெளியே தெரிந்ததும் ரத்தானது. இதில் லஞ்சம் என்று எவரும் குற்றம் சாட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. வடிவமைப்புக்கு ஒரு குழு, சுற்றுச்சூழலுக்கு ஒரு பரிசீலனை, பொதுமக்கள் கருத்துக்கு ஒரு கூட்டம் என்று நேர்மையான முறையிலேயே பணம் கரைந்தது. நாடே சிரித்த பிறகு, ஆயத்தமாகச் செய்த கழிப்பறை ஒன்று நன்கொடையாக வந்து, 2024இல் திறக்கப்பட்டது.

கே: அமெரிக்கா சென்றிருந்தபோது உங்களை மிகவும் கோபப்படுத்தியது எது?
– இல்லத்தரசி, கோவை

ப: மகள் வீட்டில் தங்க நியூ ஜெர்சிக்குப் போயிருந்தபோது, ஒரு கடையில் நானே அலமாரியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து, நானே கொண்டுபோய்க் கல்லாவில் வைத்தேன். அங்கிருந்த பெண் கைக்கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் 18, 20, 25 என்று மூன்று கட்டங்கள். 'டிப்ஸ் வேண்டாம்' என்பது கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில். பின்னால் நான்கு பேர் நின்றார்கள். இருபதை அழுத்திவிட்டேன், எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை.

உணவகப் பணியாளர்மீது எனக்குக் கோபம் இல்லை. டிப்ஸ் பெறுவோருக்கான கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.13 டாலர் என்று 1991 முதல் அசையாமல் நிற்கிறது. மீதியை வாடிக்கையாளர் போட வேண்டும் என்பது ஏற்பாடு. 2025இல் வந்த சட்டம், ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸ் வருமானத்தைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. வரிக்குறைப்பு என்றால் கைதட்டுகிற நானே இதற்குத் தயங்குகிறேன்: சமையலறையில் பாத்திரம் தேய்ப்பவர் கூலிக்கு வரி உண்டு, தட்டை மேசைக்குக் கொண்டுவருபவருடைய டிப்ஸுக்கு இல்லை என்பது என்ன நியாயம்? சலுகை 2028 வரை மட்டுமே, தற்காலிகமானது என்கிறார்கள். மேலே கூறிய தொலைபேசி வரியை நாகர்கோவில் மாணவி மறந்திருக்க மாட்டார்.

கே: தேர்தலில் நின்ற பழமைவாதிகளின் நகைச்சுவையில் ஒன்று?
– வாசகர், தஞ்சாவூர்

ப: எழுத்தாளர் வில்லியம் பக்லி 1965இல் நியூயார்க் மேயர் தேர்தலில் நின்றார். வென்றால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, மறு எண்ணிக்கை கோருவேன் என்றார். ஏறத்தாழ 13 சதவீத ஓட்டுடன் தோற்றார்.

கே: அரசாங்கம் எதையும் நிறுத்தாது என்கிறீர்களே, பென்னி நாணயத்தை நிறுத்திவிட்டார்களே?
– நாணயச் சேகரிப்பாளர், சேலம்

ப: உண்மை, தலை வணங்குகிறேன். 1793 முதல் அச்சான ஒரு சென்ட் நாணயத்தை அடிக்க ஒவ்வொன்றுக்கும் 3.69 சென்ட் செலவானது. 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை அடித்தார்கள். ஐந்து சென்ட் நாணயத்துக்கு ஏறத்தாழ 14 சென்ட் செலவாகிறது, அதை நிறுத்தவில்லை. என் மகள் வீட்டுச் சமையலறையில் ஊறுகாய் ஜாடி நிறையப் பென்னி இருக்கிறது. அதை என்ன செய்வது என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டாள். அப்படியே இருக்கட்டும், இன்னும் செல்லுபடியாகும் பணம்தான் என்றேன்.