நியூராலஜிஸ்ட்டிடம் மாத்திரைக் கணக்கோடு போங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. பத்து வருடமாக ஒற்றைத் தலைவலி. முன்பெல்லாம் மாதம் இரண்டு தடவை வரும். இப்போது வாரத்தில் நாலு நாள். வலது பொட்டில் விண்விண்ணென்று தெறிக்கிறது, குமட்டுகிறது, வெளிச்சம் ஆகவில்லை. மெடிக்கலில் வாங்கும் மாத்திரையில்தான் ஓட்டுகிறேன். நியூராலஜிஸ்ட்டைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகவா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: நீங்களாகப் போய் ஸ்கேன் எடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலிக்கு உரியவை. மருத்துவர் பரிசோதித்ததில் குறை ஏதும் தெரியாவிட்டால், பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. தேவைப்படாது. உங்களுக்கு வலியின் போக்கு மாறியிருப்பதால், எடுக்க வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். 'நியூரோ டாக்டர்' என்று பொதுவாகக் கேட்டு அறுவை மருத்துவரிடம் போய் நிற்பவர்கள் உண்டு. நியூராலஜிஸ்ட் என்றால் பெயருக்குப் பின்னால் டி.எம். (நியூராலஜி) இருக்கிறதா பாருங்கள். எம்.சிஎச். என்றால் நியூரோ சர்ஜன்.

ஸ்கேனைவிட முக்கியமானது மாத்திரைக் கணக்கு. மாதக் காலண்டரில் இன்றிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். 'காலை 6 மணி, வலது பக்கம், வாந்தி, 2 மாத்திரை, மதியம் 3 மணிக்கு விட்டது' என்று கட்டத்துக்குள் எழுதினால் போதும். மாதவிலக்கு நாளையும், சாப்பாடு தவறிய நாளையும் குறித்துவிடுங்கள். காலியான மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள். 'மஞ்சள் மாத்திரை' என்றால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? வலி மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வெறும் பாராசிட்டமால் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் இப்படி ஆகலாம். காபீன் சேர்ந்த கூட்டு மாத்திரை, மைக்ரேனுக்கென்றே தரும் எர்காட் வகை, டிரிப்டான் வகை என்றால், மாதத்தில் 10 நாள் போட்டாலே இப்படி ஆகலாம். வாரம் நாலு நாள் என்றால் மாதத்துக்கு 16, 17 நாள் ஆகிறது. உங்கள் தலைவலி பெருகியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால், நிறுத்தியபின் 2 நாளிலிருந்து 10 நாள் வரை வலி கூடுதலாகத்தான் இருக்கும். அது தெரியாமல் மூன்றாம் நாளே மறுபடி கடைக்குப் போய்விடுகிறார்கள். தூக்க மாத்திரையோ, போதை கலந்த வலி மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் தாங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது.

மருத்துவர் முதலில் நிறையக் கேள்வி கேட்பார். பிறகு கை கால் வலு, நடை எல்லாம் பார்ப்பார். கருவிழிக்குள் ஒளி பாய்ச்சி, பின்னால் உள்ள பார்வை நரம்பின் முனை வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். அவசரமான ஓ.பி.யில் இது விடுபட்டால், 'கண்ணுக்குள் பார்க்க வேண்டாமா சார்?' என்று தயங்காமல் கேளுங்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் சில மணி நேரம் பார்வை மங்கும். அன்று ஸ்கூட்டரில் போக வேண்டாம்.

வலி வந்தால் போடும் மருந்து வேறு, வராமல் தடுக்கத் தினமும் போடும் மருந்து வேறு. முதல் வகையை வலி லேசாக இருக்கும்போதே போட வேண்டும். மைக்ரேன் முற்றினால் இரைப்பை மந்தமாகி, விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும். அதனால்தான் குமட்டல் மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். டிரிப்டான் வகை இதய அடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு ஆகாது.

தடுப்பு மருந்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அமிட்ரிப்டிலினை இரவில் 10 மி.கி. என்று தொடங்குவார்கள். வாய் உலரும், காலையில் அசத்தும். ஃபுளுனரிசின் எடையைக் கூட்டும், சிலருக்கு மனச்சோர்வு தரும். டோபிராமேட் விரல் நுனியில் சுரீர் சுரீரென்று இழுக்கும், கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். வால்புரோயேட்டும் கருவுக்கு ஆகாது. குழந்தைக்குத் திட்டமிருந்தால் மருந்துச் சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். எதுவானாலும், சரியான அளவை எட்டியபின் 2, 3 மாதம் சாப்பிட்டால்தான் பலன் தெரியும். 'பத்து நாள் சாப்பிட்டேன், கேட்கவில்லை' என்று விடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

கேள்வி: தலைவலிக்கு முன் அரை மணி நேரம் கண்முன் வளைந்து வளைந்து மின்னும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். சொல்ல வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். அந்த மின்னலுக்கு 'ஆரா' என்று பெயர். ஆராவோடு வரும் மைக்ரேன் உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் பக்கவாத அபாயம் கூடுகிறது. மகப்பேறு மருத்துவரிடம் இந்த வாரமே பேசி வேறு முறைக்கு மாறுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அபாயம் இன்னும் அதிகம்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. இதுவரை தலைவலியே கிடையாது. ஒரு மாதமாகப் பொட்டில் வலி, தலை வாரினாலே வலிக்கிறது, மென்று சாப்பிட்டால் தாடை கடுக்கிறது. இதுவும் மைக்ரேனா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 50 வயதுக்குப் பிறகு புதிதாக வரும் தலைவலியை மைக்ரேன் என்று விட்டுவிடக் கூடாது. பொட்டு ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் கண் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். இன்றே அழைத்துப் போய், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சந்தேகம் வலுவாக இருந்தால், முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்கிவிடுவார்கள். ஒரு கண் நொடி நேரம் இருண்டு தெளிந்தது என்று அம்மா சொன்னால், ஓ.பி.க்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.