கட்டுண்ட காய் கைகட்டி நிற்குமா?

கேள்வி: சதுரங்கப் புதிர்களில், எதிராளியின் காய் ‘பின்’ (pin: விலகினால் தனக்குப் பின்னால் உள்ள காய் தாக்குதலுக்கு ஆளாகும் நிலை) ஆகிக் கட்டுண்டு நிற்பதைப் பார்த்து, அது காவல் காக்கும் காயைத் துணிந்து வெட்டுகிறேன். சில புதிர்களில் அதுவே விடையாகிறது. வேறு சிலவற்றில் அந்தக் காயே பாய்ந்து வந்து என்னைக் கவிழ்த்துவிடுகிறது. ஒருமுறை ராஜாவைக் கொண்டு வெட்ட முயன்றபோது, அந்த நகர்வே செல்லாது என்று வந்தது. கட்டுண்ட காய்க்குப் பலம் உண்டா, இல்லையா?

பதில்: கட்டுண்ட காயின் பின்னால் நிற்பது எது என்பதைப் பொறுத்தது. பின்னால் ராஜா நின்றால், முன்னால் உள்ள காய் அந்த நேர்கோட்டிலிருந்து விலக விதியே இடம் தராது. ராணியோ யானையோ நின்றால் விலகத் தடை ஏதும் இல்லை. விலகினால் நஷ்டம் வரக்கூடும், அவ்வளவுதான். புதிர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இரண்டாம் வகையில்தான்.

மறுக்கப்பட்ட ராணி காம்பிட் என்ற தொடக்க ஆட்ட முறையில் உள்ள பழைய பொறி ஒன்றைப் பாருங்கள். ஜி5 கட்டத்தில் உள்ள வெள்ளை பிஷப், எஃப்6-இல் உள்ள கறுப்புக் குதிரையை, டி8-இல் நிற்கும் ராணியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. டி5 சிப்பாய்க்கு அந்தக் குதிரை மட்டுமே காவல். குதிரை நகராது என்று நம்பி வெள்ளை தன் குதிரையால் சிப்பாயை வெட்டுகிறது. கறுப்போ கட்டை மதிக்காமல் அந்தக் குதிரையைத் திருப்பி வெட்டுகிறது. பிஷப் ராணியை வெட்டியதும், கறுப்பு பிஷப் பி4-க்கு வந்து செக் சொல்கிறது. ராணியை டி2-இல் குறுக்கே நிறுத்துவதைத் தவிர வெள்ளைக்கு வேறு வழியில்லை. ராணிகள் இரண்டும் பலகையை விட்டுப் போன பிறகு எண்ணிப் பார்த்தால், ஒரு சிப்பாய்க்கு ஈடாக முழுக் குதிரை ஒன்று கறுப்பின் கையில் இருக்கிறது.

உங்கள் ராஜாவின் நகர்வு செல்லாமல் போனதற்கு ஃபிடே எனும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளிலேயே காரணம் இருக்கிறது: தன் ராஜாவை ஆபத்தில் விடாமல் நகர முடியாத காயும், தன் வீச்சில் உள்ள கட்டங்களைத் தாக்கிக்கொண்டிருப்பதாகவே கருதப்படும். ஆகவே, தன் ராஜாவோடு கட்டுண்ட குதிரை காக்கும் சிப்பாயை, வேறு காவல் இல்லாதபோது, உங்கள் யானை அச்சமின்றி வெட்டலாம். உங்கள் ராஜா வெட்ட முடியாது.

கட்டுண்ட காயையே கண்டவுடன் வெட்டிவிடும் அவசரமும் பலருக்கு உண்டு. 1858-இல் பாரிஸ் ஆபரா அரங்கில் அமெரிக்கச் சதுரங்க வீரர் பால் மார்ஃபி ஆடிய ஆட்டம் இதற்கு நல்ல பாடம். பி5-இல் இருந்த அவருடைய பிஷப், டி7 குதிரையை இ8-இல் நின்ற ராஜாவோடு கட்டியிருந்தது. அவர் யானையைப் பலி கொடுத்து அந்தக் குதிரையை வெட்டினார்; திருப்பி வெட்டிய கறுப்பு யானை அதே கட்டில் வந்து மாட்டிக்கொண்டது. அதை உடனே வெட்டாமல், மற்றொரு யானையை டி1-க்குக் கொண்டுவந்து அழுத்தத்தைக் கூட்டினார். என் பார்வையில், ஆட்டத்தின் இறுதியில் வரும் புகழ்பெற்ற ராணிப் பலியைவிட அழகானது இந்த அமைதியான நகர்வுதான். குறுக்குக் கோட்டில் கட்டுண்ட யானைக்கு ஓடவும் வழியில்லை, கட்டிய பிஷப்பை வெட்டவும் வழியில்லை. (நேர்வரிசையில் எதிராளியின் யானையால் கட்டுண்டிருந்தால், அந்த வரிசையிலேயே நகர்ந்து கட்டியவரையே வெட்டியிருக்கும்.)

எனவே, விடையை இடுவதற்கு முன், கட்டுண்ட காய் நகர்ந்துவிட்டதாகவே மனத்தில் வைத்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். விதி அதைத் தடுத்தால், வெட்டப்போவது உங்கள் ராஜா அல்லாதவரை, காவல் கணக்கிலிருந்து அந்தக் காயை நீக்கிவிடலாம். தடுக்கவில்லையென்றால், அந்த நகர்விலோ அடுத்ததிலோ உங்கள் ராஜாவுக்குச் செக் விழுகிறதா என்று தேடுங்கள். விழுகிறதென்றால் வேறு விடை இருக்கிறது.