சென்னையில் இருந்துகொண்டு பழைய ரோமானியத் தங்கக் காசுகளைச் சேகரிக்க முடியுமா? எப்படித் தொடங்குவது?

முடியும். ஆனால் காசை விலை பேசும் முன் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டு மண்ணிலேயே கிடைத்த ரோமானியக் காசுகள் அங்கே இருக்கின்றன. மிளகுக்கும் முத்துக்கும் விலையாக நம் ஊருக்கு வந்த பொன் அது.

என்னை இதற்குள் இழுத்தது 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் கிடைத்த புதையல். மொத்தம் 501 பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே ஒரு வெட்டு! செல்லாக்காசாக்கவே வெட்டினார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இப்படி வெட்டுப்பட்ட காசு ஏலத்தில் விலை குறைவாகத்தான் போகும். எனக்கென்னவோ பளபளவென்று இருப்பதைவிட இதுதான் உசத்தி. நம் ஊரில் ஒருவர் கையில் எடுத்து, யோசித்து, வெட்டிய காசல்லவா! கழுத்து மாலையில் கோக்கப் பேரரசர் தலைக்கு மேல் இரட்டைத் துளை போட்டவையும் அப்படித்தான்.

சரி, வாங்கும்போது தராசு கட்டாயம். பேரரசர் அகஸ்டஸ் காலத்து ஆரியஸ் என்ற பொற்காசு 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கி.பி. 64இல் நீரோ எடையைக் குறைத்த பிறகு சுமார் 7.3 கிராம். பின்னால் வந்த பேரரசர் கான்ஸ்டன்டைனின் சாலிடஸ் என்ற பொற்காசு சுமார் 4.5 கிராம். அப்புறம் லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். அசல் காசு அச்சில் வைத்து அடித்தது. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, பரப்பில் ஊசிமுனை போன்ற குழிகள், மழுங்கிய எழுத்து என்றால் வார்த்த போலியாக இருக்கலாம். எழுத்து தாறுமாறாக இருப்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் காலத்திலேயே இந்தியாவில் ரோமானியக் காசைப் பார்த்து அடித்தவையும் உண்டு. அவற்றைத் தேடிச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

"வயல்ல உழும்போது கிடைச்சது சார்" என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எந்தப் பானையில், எந்தக் காசுகளோடு கிடந்தது என்ற விவரம் கைமாறும்போதே அழிந்துவிடுகிறது. எனக்கு வயிற்றெரிச்சல் அதுதான்.

உரிமம் உள்ள வியாபாரியிடம் பில்லோடு வாங்கி, பில்லைப் பத்திரமாக வையுங்கள். நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தனுப்பும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.